ஜெம்ஸ் மிட்டாயின் நிறம் எங்கே இருக்கிறது?

உணவுத் தொழில்நுட்பம் படிக்கும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “எங்கள் பாடத்திட்டத்தில் நிறமிகளையும் படிகமாக்கலையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள். ஒன்று சாயம், இன்னொன்று சர்க்கரை உறைவது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? இவற்றில் உருப்படியான கண்டுபிடிப்புகள் எவை?”

சம்பந்தம் இருக்கிறது தம்பி. வீட்டு அலமாரியைத் திறந்தாலே தெரியும். ஒரு டப்பாவில் கற்கண்டு, இன்னொன்றில் சீனி, மூன்றாவதில் மிக்ஸியில் அரைத்த பொடிச் சர்க்கரை. மூன்றும் ஒரே பொருள்தான், சுக்ரோஸ். ஆனால் கற்கண்டு கண்ணாடி மாதிரி இருக்கிறது, சீனி வெள்ளையாக மினுங்குகிறது, பொடியோ சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. யாரும் அதில் வெள்ளைச் சாயம் கலக்கவில்லை. பெரிய படிகத்துக்குள் ஒளி நுழைந்து மறுபக்கம் வந்துவிடுகிறது. அதையே ஆயிரம் துண்டாக உடைத்தால் ஒவ்வொரு முகத்திலும் ஒளி பட்டுச் சிதறித் திரும்புகிறது. திரும்பி வரும் அந்த ஒளியைத்தான் நம் கண் ‘வெள்ளை’ என்கிறது.

அடுத்து பனங்கற்கண்டைப் பாருங்கள். பதநீரைக் காய்ச்சி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்தால் நூலைப் பிடித்துக்கொண்டு படிகம் வளரும். காய்ச்சும்போது உண்டான பழுப்புப் பொருள்கள் படிகத்தின் மேலும் இடுக்குகளிலும் ஒட்டிக்கொள்வதால் அதற்கு அந்தத் தேன் நிறம். அதையும் பொடித்தால் வெளிறிப்போகும். ஆகவே ஒரு பொருளின் நிறம் என்ன என்று கேட்டால், ‘எந்த அளவில், எந்த நிலையில்?’ என்று திருப்பிக் கேட்பதுதான் சரி. கரைந்திருக்கிறதா, தூளாக இருக்கிறதா, எவ்வளவு பொடி? நிறமித் துறையில் நடந்த பெரிய கண்டுபிடிப்புகளில் பாதி, புதிய சாயத்தைக் கண்டுபிடித்தவை அல்ல. இருக்கிற சாயத்தை எந்த நிலையில் வைப்பது என்று கண்டுபிடித்தவை.

பட்டியல் போட்டால் உங்களுக்கே அலுத்துவிடும். அதற்குப் பதில் ஒரு ஜெம்ஸ் மிட்டாயைக் குறுக்கே வெட்டிக்கொண்டு உள்ளிருந்து வெளியே வருவோம். அமெரிக்காவின் எம் அண்ட் எம், பிரிட்டனின் ஸ்மார்ட்டீஸ், நம் ஊர் ஜெம்ஸ் எல்லாம் ஒரே ஜாதி. நான் சில வருடங்கள் ஒரு மிட்டாய்த் தொழிற்சாலையின் பூச்சுப் பிரிவில் இருந்தவன் என்பதால் இந்தச் சின்ன வில்லையின் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு.

நடுவில் இருப்பது சாக்லேட். சாக்லேட்டைப் பிடித்து வைத்திருப்பது கோக்கோ வெண்ணெய். இந்தக் கொழுப்புக்கு ஒரு விசித்திரம் உண்டு: ஒரே மூலக்கூறுகள் 6 விதமாக அடுக்கிக்கொண்டு 6 வகைப் படிகம் ஆகும். 1966-இல் வில், லட்டன் என்ற இருவர் இந்த ஆறையும் பிரித்துக் காட்டினார்கள். முதல் வகை 17 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். நமக்கு வேண்டியது ஐந்தாவது வகை. அது ஏறக்குறைய 34 டிகிரியில் உருகும். கையில் நிற்கும், வாயில் போட்டால் கரையும், உடைத்தால் ‘டக்’ என்று சத்தம் வரும், மேற்பரப்பு பளபளக்கும். சும்மா உருக்கி ஆறவிட்டால் இந்த வகை வராது. 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 27-28க்கு இறக்கி, மறுபடி 31-32க்கு ஏற்றவேண்டும். கடைசி ஏற்றத்தில் வேண்டாத படிகங்கள் உருகிப்போய், ஐந்தாம் வகையின் விதைகள் மட்டும் மிஞ்சும். அந்த விதையைப் பார்த்துப் பார்த்து மீதிக் கொழுப்பும் அதே மாதிரி அடுக்கிக்கொள்ளும். டெம்பரிங் என்பது இதுதான்.

2021-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார் இதற்கு ஒரு குறுக்குவழி காட்டினார்கள். நிறைவுற்ற பாஸ்போலிப்பிட் (பாஸ்பரஸ் கொண்ட ஒரு கொழுப்பு வகை) ஒன்றை 0.1 சதவீதம் அளவுக்குச் சேர்த்தால், இந்த ஏற்ற இறக்கம் இல்லாமலே கொழுப்பு சரியான படிகத்தை நோக்கிப் போகிறதாம். ஒரு சிட்டிகைப் பொருள், ஒரு இயந்திரத்தின் வேலையைச் செய்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி இது.

இங்கேயே நிறம் வந்துவிடுகிறது, கவனித்தீர்களா? கோடையில் கடையில் வாங்கிய சாக்லேட்டைப் பிரித்தால் சில நேரம் வெள்ளை பூத்திருக்கும். ‘பூசணம் பிடிச்சிருக்கு’ என்று சண்டைக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது பூசணம் இல்லை. வெயிலில் இளகி மறுபடி இறுகும்போது கொழுப்பு மேலே வந்து பெரிய படிகங்களாக உறைகிறது; வெயிலே படாவிட்டாலும் மாதக்கணக்கில் கிடந்தால் ஐந்தாம் வகை மெல்ல ஆறாம் வகையாக மாறும். அந்தப் படிகங்களில் ஒளி சிதறி, பழுப்பு நிறச் சாக்லேட் சாம்பல் பூசியது போலாகிவிடுகிறது. விரலால் தேய்த்துப் பாருங்கள். உடம்புச் சூட்டில் மறைந்தால் கொழுப்பு. சொரசொரவென்று நின்றால் அது சர்க்கரை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் வியர்த்து, அந்த ஈரத்தில் சர்க்கரை கரைந்து மறுபடி படிகமானது. இரண்டும் உடம்புக்குக் கெடுதல் இல்லை, நாக்குக்குத்தான் ஏமாற்றம்.

சரி, அடுத்த அடுக்கு. சாக்லேட் வில்லையைச் சுற்றி இருக்கும் ஓடு. கடித்தால் மொறுமொறு என்று உடைகிறதே, அது. நம் சீரக மிட்டாயும் இதே வித்தைதான், நடுவில் சாக்லேட்டுக்குப் பதில் சீரகமோ சோம்போ. சாய்வாகச் சுழலும் ஒரு பெரிய செம்பு அல்லது எஃகுச் சட்டி. எங்கள் ஆட்கள் அதைக் ‘கோட்டிங் பேன்’ என்பார்கள். ‘இன்னிக்கு யாரு பேன் பாக்கறது?’ என்று காலையில் சத்தம் கேட்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குத் தலை அரித்தது. சட்டியில் வில்லைகள் உருண்டுகொண்டே இருக்கும். மேலே ஒரு கரண்டி சர்க்கரைப் பாகு. அது எல்லா வில்லையிலும் மெல்லிய படலமாகப் பரவியதும் காற்று விடவேண்டும். தண்ணீர் ஆவியாகும், பாகு அதிதெவிட்டிய கரைசலாகும் (தண்ணீர் தாங்கும் அளவைவிடச் சர்க்கரை அதிகமாகிவிடும்), படலம் முழுக்க நுண்ணிய சர்க்கரைப் படிகங்களாக உறையும். அப்புறம் அடுத்த கரண்டி. இப்படிப் பத்து, இருபது, ஐம்பது முறை.

20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 2 கிலோ சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். பூச்சுப் பாகு அந்த எல்லையை ஒட்டியே இருக்கும், கொஞ்சம் தண்ணீர் போனாலே உறைய ஆரம்பிக்கவேண்டும் என்பதற்காக. குலாப் ஜாமூன் பாகில் எலுமிச்சைச் சாறு விடுவோமே, இங்கே அது கூடவே கூடாது. புளிப்பு சேர்ந்து கொதிக்கும்போது சுக்ரோஸில் கொஞ்சம் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைகிறது. இந்த வேற்று மூலக்கூறுகள் நடுவில் புகுந்து படிகம் கட்டவிடாமல் தடுக்கும். ஜாமூனுக்கு அது வரம். பூச்சுக்கு அதுவே சாபம். ஓடு காயாமல் பிசுபிசுக்கும், வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகிவிடும்.

இதற்கு நேர் எதிரானது பஞ்சு மிட்டாய். நிறத்தைப் பற்றிப் பேசும்போது அதை விட்டுவிட முடியாது. 1897-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் வில்லியம் மாரிசன் என்ற பல் மருத்துவரும் ஜான் வார்ட்டன் என்ற மிட்டாய்க்காரரும் சேர்ந்து அந்த இயந்திரத்தை உருவாக்கினார்கள். (பல் மருத்துவர் பஞ்சு மிட்டாய் கண்டுபிடித்ததில் தொழில் தந்திரம் எதுவும் இல்லை என்றே நம்புவோம்.) 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் 68,655 பெட்டி விற்றார்கள், பெட்டி 25 சென்ட். உருகிய சர்க்கரை சிறு துளைகள் வழியே வீசப்பட்டு, படிகம் கட்ட நேரமே கிடைக்காமல் நூல் நூலாக இறுகிவிடுகிறது. அறிவியல் கணக்கில் அது சர்க்கரைக் கண்ணாடி, அதாவது மூலக்கூறுகள் படிகமாக அடுக்கிக்கொள்ளாமலே இறுகிய பொருள். திறந்து வைத்தால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து, சுருங்கி, கடைசியில் படிகமாகிக் கல் மாதிரி ஆவது அதனால்தான்.

அந்த நூல்கள் தலைமுடியைவிட மெல்லியவை. ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். அதனால் அளவோடு சாயம் போட்டால் வெளிறிய ரோஸ் நிறம்தான் வரும். கண்ணைப் பறிக்கும் ரோஸ் வேண்டும், காசும் மிச்சமாகவேண்டும் என்று நினைப்பவர் கை ரோடமின் பி பக்கம் போகிறது. அது துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம். ஒளிர்கிற தன்மை உள்ளதால் இம்மியளவே போதும். உணவில் அதற்கு அனுமதி இல்லை. 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும் பிறகு தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது இந்தச் சாயம் ஆய்வகத்தில் பிடிபட்டதால். தடை செய்யவேண்டியது சாயத்தையா மிட்டாயையா என்று அப்போது பலர் கேட்டார்கள். சாயம் இல்லாத வெள்ளைப் பஞ்சு மிட்டாயில் சர்க்கரையைத் தவிர ஒன்றும் இல்லை என்பது என் பதில்.

மறுபடி ஜெம்ஸுக்கு வருவோம். ஓட்டின் வெளிப்பக்கம் ஒரு வெள்ளை அடுக்கு இருக்கும். கீழே பழுப்புச் சாக்லேட் இருக்கிறதே, அது தெரியாமல் மறைத்தால்தான் மேலே பூசுகிற மஞ்சள் மஞ்சளாகத் தெரியும். சுவரில் நிறம் அடிப்பதற்கு முன் வெள்ளை அடிக்கிறோமே, அதே காரணம். இந்த வேலையைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவந்தது டைட்டேனியம் டை ஆக்சைடு. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். சர்க்கரைப் படிகத்துக்கு அது 1.54-1.57. டைட்டேனியம் டை ஆக்சைடுக்கு ஏறக்குறைய 2.5. இந்த இடைவெளி பெரிதாக இருக்கிற அளவுக்கு ஒளி சிதறும். அதனால்தான் கொஞ்சம் தூள் போட்டாலே மறைத்துவிடுகிறது.

பிரான்ஸ் 2020-இல் அதை உணவிலிருந்து நிறுத்தியது. 2021 மே மாதம் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், மரபணுவைப் பாதிக்கும் வாய்ப்பை ஒதுக்கித்தள்ள முடியவில்லை, ஆகவே இதைப் பாதுகாப்பானது என்று இனிச் சொல்லமுடியாது என்றது. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கத் தடை. உடனே மிட்டாய்க்காரர்கள் எல்லாரும் மாற்று தேடினார்கள்: கால்சியம் கார்பனேட், அரிசி மாவுச்சத்து. கால்சியம் கார்பனேட்டின் ஒளிவிலகல் எண் 1.6 பக்கம்தான், சர்க்கரைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே சர்க்கரைக்குள் அது பாதி ஒளிந்துகொள்கிறது, தடிமனாகப் பூசினால்தான் மறைக்கும். அரிசி மாவு இன்னும் மோசம். இந்தப் பிரச்சினைக்கு இயற்பியல் தெரியாமல் விடை காணமுடியாது. ‘இயற்கைப் பொருள் போடுங்கள்’ என்று விளம்பரப் பிரிவு சுலபமாகச் சொல்லிவிடும். பேன் பார்க்கிறவன்தான் கூடுதலாக ஒரு மணி நேரம் நிற்கவேண்டும்.

இப்போது நிறம். செயற்கை நிறங்களின் கதை 1856-இல் லண்டனில் ஆரம்பிக்கிறது. 18 வயதுப் பையன் வில்லியம் பெர்கின், மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகச் செய்யப் போய், நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த பொருளில் ஊதாச் சாயத்தைக் கண்டான். துணிக்கு வந்த தார்ச் சாயங்கள் சீக்கிரமே வெண்ணெய்க்கும் மிட்டாய்க்கும் வந்துவிட்டன. 1907-இல் அமெரிக்கா 7 சாயங்களை மட்டும் உணவுக்குச் சரி என்றது. அப்புறம் நடந்ததெல்லாம் பட்டியலில் சேர்ப்பதும் நீக்குவதும்தான். 1976-இல் சிவப்பு எண் 2 தடை செய்யப்பட்டபோது எம் அண்ட் எம் நிறுவனம் சிவப்பு மிட்டாயையே நிறுத்திவிட்டது. தன் மிட்டாயில் அந்தச் சாயமே இல்லாதபோதும், சிவப்பைப் பார்த்தாலே மக்கள் பயப்படுவார்கள் என்பதற்காக. 1987-இல்தான் சிவப்பு திரும்பியது. 2025 ஜனவரியில் அமெரிக்கா எரித்ரோசின் என்ற சிவப்பு எண் 3-க்கும் உணவில் அனுமதியை விலக்கிக்கொண்டது. அது இந்திய விதிகளில் உள்ள 8 செயற்கை நிறங்களில் ஒன்று.

இதெல்லாம் செய்தித்தாளில் வரும் கதை. நான் சொல்லவந்தது செய்தியில் வராத ஒன்று, லேக் நிறமி.

பெயரைக் கேட்டு ஏரி என்று நினைக்கவேண்டாம். அரக்கைக் குறிக்கும் ‘லாக்’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் இது. தண்ணீரில் கரையும் சாயத்தை எடுத்து அலுமினியம் ஹைட்ராக்சைடு என்ற வெள்ளைத் தூளின் மேல் பிடிக்கவைத்தால், அந்தத் தூள் இனித் தண்ணீரில் கரையாது. சாயம் நிறமியாகிவிடுகிறது. யோசித்துப் பார்த்தால் நம் சாயக்காரர்களுக்கு இது பழைய பாடம். சோழமண்டலக் கரையில் சாயவேரின் சிவப்பை நூலில் நிற்கவைத்தது படிகாரம். படிகாரத்தில் இருப்பது அலுமினியம். மெக்சிகோவில் கள்ளிப்பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைனும் அலுமினியத்தோடு கட்டிய லேக்தான். படிகம், படிகாரம் இரண்டு சொல்லும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன், தேர்வில் வராது.

அமெரிக்கா 1959-இல் தார்ச் சாயங்களின் லேக் வடிவங்களை உணவுக்கு அனுமதித்தது. பூச்சுத் தொழிலுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று புரிய, கரைந்த சாயத்தோடு மல்லாடியிருக்கவேண்டும். எங்களிடம் ஒரு நவம்பர் மாதம் நடந்தது இது. வெளியே அடைமழை. காற்றை உலர்த்தும் கருவி சரியாக வேலை செய்யவில்லை, யாரும் கவனிக்கவில்லை. டார்ட்ரசின் என்ற செயற்கைச் சாயத்தைக் கரைத்த மஞ்சள் பாகு ஊற்றிக்கொண்டிருந்தோம். மாலையில் சட்டியைத் திறந்தால் ஒவ்வொரு வில்லையிலும் தேமல் மாதிரித் திட்டுத் திட்டாக மஞ்சள். அத்தனையும் வீண்.

காரணம் படிகமாக்கலில்தான் இருக்கிறது. சர்க்கரை படிகம் கட்டும்போது தன் இனத்தை மட்டும்தான் சேர்த்துக்கொள்ளும், சாய மூலக்கூறை வெளியே தள்ளும். தள்ளப்பட்ட சாயம் மிச்சம் உள்ள ஈரத்தோடு நகர்ந்து, கடைசியாக எங்கே காய்கிறதோ அங்கே போய்ச் சேரும். படலம் சீக்கிரம் காய்ந்தால் சாயத்துக்கு நகர நேரம் இல்லை. மழைக்காலக் காற்றில் மெதுவாகக் காய்ந்தால் ஊர்கோலமே போகும். அந்தக் காலத்தில் இதைச் சமாளிக்க நீர்த்த சாயப் பாகை முப்பது, நாற்பது முறை மெல்லியதாகப் பூசுவார்கள், அதற்கென்று கைதேர்ந்த ஆள் வேண்டும். லேக் வந்தபின் அந்தத் தொல்லை குறைந்தது. தூள் கரையாததால் ஈரத்தோடு பயணம் போகாது, விழுந்த இடத்திலேயே உட்காரும். கீழே இருப்பதை மறைக்கவும் செய்யும். சில பூச்சிலேயே முழு நிறம்.

அடுத்தது எனக்கு எல்லாவற்றிலும் அழகாகப் படுகிற கண்டுபிடிப்பு, கரோட்டின்.

1831-இல் வாக்கன்ரோடர் என்ற ஜெர்மானியர் கேரட்டிலிருந்து அதைச் செம்மணி போன்ற படிகமாகப் பிரித்தெடுத்தார். உண்மையில் கேரட்டின் உயிரணுக்களுக்குள்ளேயே அது படிகமாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. பச்சையாகக் கடித்துத் தின்றால் அதில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். வேகவைத்து எண்ணெயோடு சாப்பிட்டால் நன்றாகச் சேர்வது இதனால்தான். 1950-இல் கரோட்டினை ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள், 1954-இல் சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனம் தொழிற்சாலை அளவில் தயாரித்தது. வாங்க ஆள் தயாராக இருந்தது: மார்கரின் என்ற செயற்கை வெண்ணெய்.

மார்கரின் தன் பிறப்பில் வெளிறியது. வெண்ணெய் மாதிரி மஞ்சளாக்க அமெரிக்கப் பால் பண்ணைக்காரர்கள் விடவில்லை. 1902-லிருந்து நிறம் போட்ட மார்கரினுக்குப் பவுண்டுக்கு 10 சென்ட் வரி; 1950-இல்தான் அது நீங்கியது. அதுவரை வெள்ளை மார்கரினையும் தனியே ஒரு சாய வில்லையையும் வாங்கி, வீட்டில் பிசைந்துகொண்டார்கள். நம் நாட்டில் கதை தலைகீழ். வனஸ்பதியை நெய்யில் கலந்து விற்கிறார்கள், அதற்கு ஏதாவது நிறம் போட்டால் கண்டுபிடிக்கலாம் என்று கேட்டார்கள். கடைசியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்கவேண்டும் என்று விதி வந்தது. நல்லெண்ணெய் உள்ள கொழுப்பை ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் விட்டுக் குலுக்கினால் சிவக்கும். பாடுவான் சோதனை என்று படித்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத நிறத்தை உள்ளே ஒளித்து வைத்த ஏற்பாடு அது. எவனோ ஒரு புத்திசாலி அதிகாரி யோசித்திருக்கவேண்டும்.

கரோட்டின் கொழுப்பில் ஓரளவு கரையும் என்பதால் மார்கரினில் சிக்கல் இல்லை. ஆரஞ்சுக் குளிர்பானத்தில் போட்டால்? படிகத்தூள் அடியில் மண் மாதிரித் தங்கிவிடும். இதற்கு 1980-களில் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தார் காப்புரிமை பெற்ற வழி இது. கரோட்டினை ஐசோபுரோப்பனால் போன்ற கரைப்பானில் அழுத்தத்தோடு 200 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாக்கினால் நொடிகளில் கரைந்துவிடும். அதிக நேரம் வைத்தால் கெட்டுப்போகும். கரைந்த மறுகணமே ஜெலட்டின் கலந்த தண்ணீரோடு மோதவிடவேண்டும். தண்ணீரைக் கண்டதும் கரோட்டின் அவசரமாகக் கரைசலிலிருந்து வெளியே விழும். பெரிய படிகமாக வளர விடாமல் ஜெலட்டின் ஒவ்வொரு துணுக்கையும் போர்த்திக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டரைச் சில ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு அளவுள்ள துகள்கள். தண்ணீரில் அப்படியே மிதக்கும். அந்தத் துகளின் அளவையும் உள்ளே மூலக்கூறுகள் அடுக்கியிருக்கும் விதத்தையும் மாற்றினால் நிறமே மஞ்சளிலிருந்து சிவப்பு வரை நகர்கிறது. ஒரே மூலக்கூறுதான். சீனிக்கும் கற்கண்டுக்கும் இடையில் பார்த்த விளையாட்டு, ஆயிரம் மடங்கு நுட்பமாக.

மஞ்சளிலும் இதே சிக்கல் உண்டு. ஈரோட்டு மஞ்சளின் குர்குமினைக் கரைப்பானில் எடுத்துப் படிகமாக்கினால் ஆரஞ்சுத் தூள் கிடைக்கும், தண்ணீரில் கரையாது. எண்ணெயையும் தண்ணீரையும் கலக்கவைக்கும் பால்மமாக்கியோடு சேர்த்தால் பளிச்சென்ற மஞ்சள் வரும். ஆனால் வெயில் ஆகாது. சட்டையில் பட்ட மஞ்சள் கறையை அம்மா வெயிலில் காயப்போட்டே போக்குவாரே, கண்ணாடி ஜாடியில் ஜன்னல் ஓரம் வைத்த மிட்டாய்க்கும் அதே கதி.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் நீலம். தின்னும் பொருள்களில் உண்மையான நீலம் அரிது. 2006-இல் பிரிட்டனில் ஸ்மார்ட்டீஸிலிருந்து செயற்கை நிறங்களை நீக்கியபோது நீல ஸ்மார்ட்டீஸ் காணாமலே போனது, மாற்று கிடைக்காமல். 2008-இல் சுருள்பாசி தந்த நீலத்தோடு திரும்பி வந்தது. அந்த நீலம் ஒரு புரதம். சூடும் புளிப்பும் தாங்காது. அடர்ந்த சர்க்கரைக்குள் வைத்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் மிட்டாய் ஓட்டில் நிற்கிறது, எலுமிச்சைப் பானத்தில் நிற்பதில்லை. நம் வேலியில் படரும் சங்குப்பூவின் நீலத்துக்கு அமெரிக்கா 2021-இல் அனுமதி தந்தது. அது புளிப்பு பட்டால் ஊதாவாகும், சங்குப்பூத் தேநீரில் எலுமிச்சை பிழிந்தவர்களுக்குத் தெரியும். அதே வருடம் எம் அண்ட் எம் தயாரிக்கும் மார்ஸ் நிறுவனத்தாரும் டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து சிவப்பு முட்டைக்கோஸிலிருந்து ஒரு நீலத்தை எடுத்தார்கள். கோஸில் அந்தக் குறிப்பிட்ட நிறமி மிகக் கொஞ்சம். மற்ற நிறமிகளை நொதி கொண்டு அதுவாக மாற்றினார்கள். அது நீலமாவது எப்போது தெரியுமா? 3 நிறமி மூலக்கூறுகள் ஒரு அலுமினிய அயனியைச் சூழ்ந்து நிற்கும்போது. மறுபடி படிகாரத்தின் அலுமினியம்.

சாயமே இல்லாமல் நிறம் வருமா என்றால், அதுவும் வந்துவிட்டது. 2019-இல் சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் வானவில் மினுங்கும் சாக்லேட்டைச் செய்தார்கள். குறுந்தகட்டின் பின்பக்கம் மினுங்குகிற அதே வித்தை. சாக்லேட்டின் மேற்பரப்பில் நுண்ணிய வரிகளைப் பதித்துவிட்டார்கள். அந்த வரிகள் அழியாமல் நிற்க, கோக்கோ வெண்ணெய் ஒழுங்காகப் படிகமாகியிருக்கவேண்டும். படிகத்தின் ஒழுங்கு குலைந்தால் நிறமும் போச்சு.

படித்ததை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம் தம்பி. ஒரு வெள்ளைத் தட்டில் மெல்லிசாகத் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு நிற மிட்டாயை வைத்து, அசைக்காமல் பத்து நிமிடம் பாருங்கள். நிறம் ஒளி ஊடுருவும்படி தண்ணீரில் பரவினால் அது கரையும் சாயம். தண்ணீர் கலங்கி, நிறம் மெல்லிய தூளாக மிட்டாயைச் சுற்றியே படிந்தால் அது லேக். அதில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள்; அலுமினியம் ஹைட்ராக்சைடு கரைந்து, பிடித்து வைத்திருந்த சாயத்தை விட்டுவிடும். நிறம் போனபின் வெள்ளை அடுக்கு தெரியும், அதுவும் போனபின் பழுப்பு. அதற்குமேல் பொறுமை இருக்காது, எடுத்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.